கொலையாளியின் அண்ணனை யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் உண்மைக் குற்றத் தொடரை முதல் வாரத்திலிருந்து விடாமல் படித்து வருகிறேன். விவரம் திரட்டக் கட்டுரையாளர் எடுத்துக்கொள்ளும் சிரமம் ஒவ்வொரு வாரமும் தெரிகிறது. முதல் தகவல் அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் நடுவில் எந்தச் சாட்சி எங்கே மாறினார் என்பதையெல்லாம் அவர் கவனித்து எழுதுகிறார். அதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும். என் மனக்குறை வேறு. எந்த வழக்காக இருந்தாலும் மூன்றாவது பத்திக்குள் கொலையாளியின் பிள்ளைப் பருவம் வந்துவிடுகிறது. தகப்பன் குடித்தார், தாய் விட்டுப் போனார், பாட்டி வீட்டில் வளர்ந்தான், பள்ளியில் யாரோடும் சேரவில்லை என்று நான்கு வாக்கியங்கள். ஐந்தாவது வாக்கியம் ‘ஆகவே’ என்று தொடங்குகிறது. தொடங்காத வாரங்களில் அந்தச் சொல் எழுதப்படாமலே அங்கே நிற்கிறது. அந்த ‘ஆகவே’யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் 26 ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வழக்கில் சிக்கிய சிறுவர்களின் வீடுகளுக்குப் போய், பெற்றோரையும் அக்கம்பக்கத்தாரையும் பள்ளி ஆசிரியர்களையும் விசாரித்து, சமூக விசாரணை அறிக்கை எழுதிக் கொடுப்பது என் வேலையின் பெரும்பகுதி. எனவே வளர்ப்புக்கும் குணத்துக்கும் தொடர்பில்லை என்று நான் வாதாடப் போவதில்லை. இருக்கிறது என்பதை நேரில் பார்த்தவன் நான். அந்தத் தொடர்பு கட்டுரையில் எழுதப்படும் விதத்தோடுதான் எனக்குச் சண்டை.

குற்றம் நடந்த பிறகு குழந்தைப் பருவத்தைத் தேடிப் போகிறவர், விடையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவரைப் போன்றவர். பொருந்துகிற எண்கள் எல்லாம் கண்ணில் படும். பொருந்தாதவை தாமாகவே உதிர்ந்துவிடும். 1991 ஜூலையில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கைதாகி, 17 பேரைக் கொன்றதாகத் தெரியவந்த ஜெஃப்ரி டாமரின் தந்தை லயனல் டாமர், 1994-இல் தன் பக்கக் கதையை நூலாக எழுதினார். அவர் ஒரு வேதியியலாளர். மகன் மிகச் சிறியவனாக இருந்தபோது வீட்டுக்கு அடியில் செத்துக் கிடந்த சிறு பிராணிகளின் எலும்புகளைத் தாம் வாரி எடுத்ததையும், அவற்றைப் பிள்ளை கையில் அள்ளி, ஒன்றோடொன்று மோதும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்ததையும் அதில் அவர் நினைவுகூர்கிறார். அன்றைக்கு அது கிலுகிலுப்பை ஆட்டுவது போன்ற ஒரு விளையாட்டு; இன்றைக்கு அதை அப்படிப் பார்க்கத் தம்மால் முடியவில்லை என்கிறார். நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு தம் நினைவுக்கே நிறம் மாறிவிட்டது என்று ஒரு தகப்பன் ஒப்புக்கொள்ளும் இடம் அது. அந்த வழக்கைப் பற்றிப் பின்னால் எழுதிய பலர் எலும்பை எடுத்துக்கொண்டார்கள்; ஒப்புதலை விட்டுவிட்டார்கள்.

நினைவு நிறம் மாறுவதை நானே ஒருமுறை கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். கத்திக்குத்து வழக்கில் பிடிபட்ட ஒரு சிறுவனின் தாயாரை, சம்பவம் நடந்த மறுநாளே விசாரிக்கப் போனேன். ‘வாயே திறக்காத புள்ள சார். ஒரு பூனைக்குட்டியக்கூட அடிச்சதில்ல’ என்று அழுதார். அடுத்த மூன்று வாரங்களில் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சியிலும் அந்த வழக்கு பலவிதமாக வந்தது. மறுபடி போனபோது அதே தாயார், அதே திண்ணையில் உட்கார்ந்து, ‘சின்ன வயசிலேயே ஒரு மாதிரிதான் சார். யார்கிட்டயும் பேசமாட்டான், முறைச்சுக்கிட்டே இருப்பான்’ என்றார். வாய் திறக்காத சாதுப்பிள்ளையும் முறைத்துக்கொண்டிருந்த பிள்ளையும் ஒரே பிள்ளைதான், ஒரே மௌனம்தான். அவர் பொய் சொன்னார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. ஊரே அவரிடம் ஒரு விடையைக் கொடுத்திருந்தது. அதற்கேற்ற நினைவை அவர் தேடி எடுத்துக் கொடுத்தார். முதல் விசாரணைக் குறிப்பு என் கையில் இல்லாமல் இருந்திருந்தால், இரண்டாவதாகச் சொன்னதைத்தான் நானும் அறிக்கையில் எழுதியிருப்பேன்.

அந்தச் சிறுவனுக்கு ஓர் அண்ணன் இருந்தான், மூன்று வயது மூத்தவன். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தான். ‘எங்கப்பா என்னையும்தான் சார் அடிச்சாரு’ என்றவன், காதுக்கு மேலே முடியை ஒதுக்கித் தையல் போட்ட தழும்பைக் காட்டினான். நான்கு தையல். பார்த்தேன். அப்போது எங்களுக்குக் கொடுத்திருந்த படிவத்தில் ‘உடன்பிறந்தோர்’ என்ற கட்டத்தில் எத்தனை பேர், என்ன வயது என்று எழுத மட்டுமே இடம் இருந்தது. இரண்டையும் எழுதினேன்.

தங்கள் தொடரில் விடுபட்டிருப்பது அந்த அண்ணன்தான். ஒரே கூரையின் கீழ், ஒரே கையால் அடி வாங்கி வளர்ந்த ஒருவர் கொலை செய்யாமல் இருக்கிறார் என்றால், அடியைக் காரணமாகக் காட்டும் வாக்கியம் முதலில் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாது என்பதல்ல. சொல்லிப் பார்க்க முயல்வதுதான் இந்தவகை எழுத்தின் உண்மையான வேலை என்பது என் கருத்து.

இதை முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1959 நவம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டதைப் பற்றி எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி எழுதி 1966-இல் நூலாக வந்த படைப்பை இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி என்றே பலர் சொல்வார்கள். அதன் கடைசிக் கல்லறைக் காட்சி நடக்கவே இல்லை என்று பின்னாளில் தெரியவந்தது. அந்தக் கறை அதற்கு உண்டு. ஆனால் கொலையாளிகளில் ஒருவரான பெர்ரி ஸ்மித்தின் வளர்ப்பை அவர் கையாண்ட முறையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. குடிக்கு அடிமையான தாய், படுக்கையை நனைத்ததற்காகப் பிள்ளையை அடித்த விடுதி என்று தாமே வரிசையாக அடுக்கி முடித்துவிடாமல், முன்பொரு குற்றத்துக்காகப் பெர்ரி சிறையில் இருந்தபோது அவரைப் பரோலில் விடுவதற்காகத் தந்தை தம் கைப்பட எழுதிக் கொடுத்த மகனின் வரலாற்றை முழுவதுமாகக் கொடுக்கிறார். அதையடுத்து, தமக்கை சிறைக்கு எழுதிய கடிதத்தைக் கொடுக்கிறார். இரண்டுமே கொலைக்கு முன்பு எழுதப்பட்டவை. தந்தை சொல்லும் வீடும் தமக்கை சொல்லும் வீடும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் அப்பாவையே குறை சொல்லாதே என்று தமக்கை தம்பியிடம் கண்டிப்பாகவே சொல்கிறார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி பெர்ரி. மூத்தவர்களில் ஒரு சகோதரி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார், ஒரு சகோதரர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார், கடிதம் எழுதிய தமக்கை கணவர், குழந்தைகளோடு சாதாரணமாக வாழ்ந்தார். வளர்ப்பு அந்த நால்வரில் யாரையும் தொடாமல் விடவில்லை என்பதும், யாரையும் ஒரே இடத்தில் கொண்டு சேர்க்கவில்லை என்பதும் அங்கே ஒருசேரத் தெரிகிறது. கூட்டாளியான ஹிக்காக்கின் பெற்றோரோ ஏழைகள் என்பதைத் தவிர யாரும் விரல் நீட்ட முடியாதவர்கள். ஒரே இரவு, ஒரே வீடு, இரண்டு கொலையாளிகள். ஒருவருக்குப் பொருந்தும் விளக்கம் மற்றவருக்குப் பொருந்தவில்லை.

இந்த இடத்தில் என் வாதத்தையே கொஞ்சம் சிக்கலாக்கும் நூல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பேரைக் கொன்று, 1977 ஜனவரி 17 அன்று யூட்டா மாநிலத்தில் துப்பாக்கிப் படையால் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கேரி கில்மோரின் கடைசித் தம்பி மைக்கல் கில்மோர், 1994-இல் தம் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அண்ணன்மார் மூவரும் தந்தையிடம் பெல்ட்டால் அடி வாங்கி வளர்ந்தார்கள். மைக்கல் பிறந்தபோது தந்தைக்கு வயதாகிவிட்டது; கடைசிப் பிள்ளையைச் செல்லமாகத் தம்முடனேயே வைத்துக்கொண்டார். அண்ணன்கள் அஞ்சிய மனிதரும் தாம் நேசித்த மனிதரும் ஒருவரே என்பதை ஏற்றுக்கொள்வதற்கே மைக்கலுக்குப் பல பக்கங்கள் தேவைப்படுகின்றன. ஆக, ‘ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்’ என்று நான் மேலே எழுதியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பத்து வயது இடைவெளியில் பிறந்த இரு பிள்ளைகளுக்கு வாய்ப்பது ஒரே தகப்பன் அல்ல. ஒரே பெயருள்ள இரண்டு தகப்பன்கள். ஆனால் அந்தக் குடும்பத்திலேயே மூத்த அண்ணன் ஒருவரும் இருக்கிறார். அதே அடியை வாங்கியவர், யாரையும் கொல்லாதவர், கடைசிவரை தாய்க்குத் துணையாக இருந்தவர். நூலைப் படித்து முடித்த பிறகு கேரியை விட அந்த மூத்தவர்தான் என் மனதில் தங்கினார்.

ஆய்வாளர்களுக்கு இது புதிதல்ல. 1989-இல் கேத்தி விடோம் என்ற அமெரிக்க ஆய்வாளர், சிறு வயதில் வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக நீதிமன்றப் பதிவு உள்ள 908 பேரையும், அவர்களோடு வயதிலும் குடும்ப நிலையிலும் ஒத்த, ஆனால் அப்படிப் பதிவு இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டார். முதல் பிரிவினரில் 26 சதவீதம் பேர் சிறார் பருவத்தில் கைதாகியிருந்தார்கள். இரண்டாம் பிரிவினரில் 17 சதவீதம். வளர்ப்பின் பாரம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் முதல் பிரிவிலேயே நான்கில் ஏறக்குறைய மூன்று பேர் கைதாகவில்லை என்பதும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறது. லண்டனின் தெற்குப் பகுதியில் 1961-இல் தொடங்கி, 411 சிறுவர்களை எட்டு வயது முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும், கடுமையான தண்டனை, கண்காணிப்பின்மை, தண்டனை பெற்ற பெற்றோர் ஆகியவை பின்னாளைய குற்றத்தோடு சேர்ந்து வருவதைக் காட்டியது. ஆறு சதவீதத்துக்கும் குறைவான குடும்பங்களிலிருந்து பாதித் தண்டனைகள் வந்திருந்தன. அந்த ஆய்வின் பலம் எங்கே இருக்கிறது என்றால், யார் திருடப் போகிறான், யார் திருடமாட்டான் என்று தெரியாத நாளிலேயே எல்லாச் சிறுவர்களின் வீட்டையும் பார்த்து எழுதி வைத்துவிட்டார்கள். நம் தொடருக்கு அந்த வசதி இல்லைதான். ஒப்பிட்டுப் பார்க்க 667 பேர் கிடைக்கமாட்டார்கள். ஓர் அண்ணனோ தங்கையோ கிடைப்பார்கள்.

வறுமைதான் காரணம் என்று எழுதுகிறவர்களுக்கு 1924-இல் சிகாகோவில் 14 வயதுச் சிறுவனைக் கொன்ற லியோபோல்ட், லோப் என்ற இரு இளைஞர்களை நினைவூட்டலாம். இருவரும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், அதிபுத்திசாலிகள். அவர்களுக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, செல்வத்தையும், வீட்டோடு இருந்து வளர்த்த ஆசிரியையின் கண்டிப்பையும், படித்த தத்துவத்தையும் காரணம் காட்டித் தூக்கிலிருந்து அவர்களைக் காப்பாற்றினார். ஆயுள் தண்டனையோடு 99 ஆண்டுகள் கிடைத்தன. இல்லாத வீட்டுக்கும் இருக்கிற வீட்டுக்கும், அடித்த தகப்பனுக்கும் கொஞ்சிய தகப்பனுக்கும், எதற்குப் பின்னால் வைத்தாலும் அந்த ‘ஆகவே’ கச்சிதமாகப் பொருந்துவதுதான் அதன்மீது எனக்குள்ள சந்தேகம். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று சொல்வது எளிது; எந்தப் பழக்கம் என்பதைச் சுடுகாட்டில் நின்றுகொண்டு தேர்ந்தெடுக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. இதுவரை வந்த வாரங்களைப் புரட்டிப் பார்த்தேன்: தகப்பனுக்கு ‘குடிகாரர்’ என்று ஒரே சொல், தாய்க்கு ஒரு முழுப் பத்தி. வேலைக்குப் போனதும் குற்றம், வீட்டில் இருந்து செல்லம் கொடுத்ததும் குற்றம், மறுமணம் செய்ததும் குற்றம். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்ற இருவரில் ஒருவனின் தாயார் சூ கிளீபோல்ட், 2016-இல் எழுதிய நூலில் தம் வளர்ப்பை ஒவ்வொரு நாளாகத் திருப்பிப் பார்க்கிறார். அக்கறையோடு நடந்த வீடு அது. மகனின் மனச்சோர்வைத் தாம் கண்டுபிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. தாம் கண்டுபிடிக்கத் தவறியதும் தாம் உண்டாக்கியதும் ஒன்றல்ல என்பதை வாசகர் உணர நூல் முழுவதும் தேவைப்படுகிறது. நம் கட்டுரைகள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டு மூடிவிடுகின்றன.

அப்படியானால் பிள்ளைப் பருவத்தை எழுதாமலே விட்டுவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் இரண்டு சின்னஞ்சிறு ஆண் குழந்தைகளைக் கொன்ற மேரி பெல்லுக்கு முதல் கொலையின்போது வயது 10, இரண்டாவதன்போது 11. ஊர் அவளை அரக்கி என்றது. நீதிமன்றம் பெரும்பாலும் செய்தாளா இல்லையா என்றே பார்த்தது. ஏன் என்பதை ஆழமாக ஆராய அங்கே அதிக இடம் இருக்கவில்லை. விசாரணையை நேரில் பார்த்த கிட்டா செரெனி என்ற பத்திரிகையாளர் 1972-இல் ஒரு நூலும், 26 ஆண்டுகள் கழித்து 1998-இல், வளர்ந்துவிட்ட மேரியிடமே நீண்ட நாட்கள் பேசி இன்னொரு நூலும் எழுதினார். பச்சைக் குழந்தையாக இருந்தபோது அவள் மாத்திரைகளை விழுங்கிச் சாகக் கிடந்த சம்பவங்களை உறவினர்கள் சொல்ல முதல் நூலிலேயே பதிவு செய்திருந்தார். தாயிடம் அவள் அனுபவித்த கொடுமை முழுதாகத் தெரிய இரண்டாவது நூல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு குழந்தைப் பருவத்தைத் தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடித்தது. நாம் அதை ஒரு வாரத்தில் நான்கு வாக்கியத்தில் முடிக்கிறோம். அந்த இரண்டாவது நூலுக்காக மேரிக்குப் பணம் கொடுக்கப்பட்டது பெரிய கண்டனத்துக்கு ஆளானது. இறந்த குழந்தைகளின் குடும்பத்தார் பட்ட வேதனை நியாயமானது. அந்தப் பரபரப்பில் மேரியின் வீட்டைப் பத்திரிகைக்காரர்கள் கண்டுபிடித்துச் சூழ்ந்தார்கள். கடைசியில் 2003-இல் மேரிக்கும், எந்தத் தவறும் செய்யாத அவர் மகளுக்கும் வாழ்நாள் முழுவதும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தாயின் வளர்ப்பை ஆராயப் போன எழுத்து, மகளின் வளர்ப்புக்குள்ளும் காலை வைத்துவிட்டது.

தொடரில் அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிடுகிறேன். ‘நீதிமன்றமே இவனது சிறுவயதைக் கருத்தில் கொண்டது’ என்று எழுதி, அதையே காரணத்துக்கு அத்தாட்சியாக வைக்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் எட்டிங்ஸ் வழக்கில், 16 வயதில் கொலை செய்தவனின் வன்முறை நிறைந்த வளர்ப்பைத் தண்டனை விதிக்கும் நீதிபதி கேட்க மறுக்கக் கூடாது என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022-இல் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், மரண தண்டனை கேட்கப்படும்போது அரசே திரட்டித் தர வேண்டிய விவரங்களில் இளமைக்காலக் குடும்பப் பின்னணியைச் சேர்த்தது. இரண்டு தீர்ப்புகளும் பேசுவது எவ்வளவு தண்டனை என்பதைப் பற்றி. எதனால் கொன்றான் என்பதற்கு அவை விடை சொல்லவில்லை. ஒருவன் பட்ட பாட்டுக்காக அவன்மீது இரங்கலாம். அந்த இரக்கத்துக்கு, பட்ட பாடுதான் கத்தியைக் கையில் கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. சொல்லப்போனால், 2022 தீர்ப்பு பின்னணி என்று அடைப்புக்குறிக்குள் விரித்துச் சொல்லும்போது முதலில் வைக்கும் சொல்லே உடன்பிறந்தோர் என்பதுதான். எனக்குக் கொடுத்த படிவத்தை விட அது ஒரு படி மேல்.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது அதிகமில்லை. குழந்தைப் பருவச் செய்தி ஒன்றை எழுதும்போது அதை யார் சொன்னது, கைதுக்கு முன்பா பின்பா என்று ஒரு சொல் சேர்க்கட்டும். பள்ளிப் பதிவேடு, மருத்துவச் சீட்டு, பழைய கடிதம் என்று குற்றத்துக்கு முந்திய காகிதம் ஒன்று கிடைத்தால் அதற்குப் பிந்திய பத்துப் பேட்டிகளைவிட அதற்கு மதிப்புக் கொடுக்கட்டும். கொலையுண்டவருக்கும் ஒரு தாய் தகப்பன் இருந்தார்கள், அவரையும் யாரோ வளர்த்தார்கள் என்பது தொடரில் ஒரு வாரம்கூட வரவில்லை, அதையும் பார்க்கட்டும்.

சென்ற ஞாயிறு வந்த பகுதியில், குற்றவாளிக்கு இரண்டு தங்கைகள் என்று பாதி வாக்கியம் இருந்தது; அதன் பிறகு அவர்களைக் காணவில்லை. வரும் வாரம் வழக்கு தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். பெயரும் ஊரும் வேண்டாம். அந்த வீட்டைப் பற்றி அவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால் அதை வெளியிடுங்கள். பேச விருப்பமில்லை என்று சொல்லியிருந்தால், கேட்டோம், மறுத்துவிட்டார்கள் என்று ஒரு வரி போடுங்கள். இன்னும் கேட்கவே இல்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்